இரண்டாம் இயந்திரத்தின் சூடு

ஸ்கூட்டியின் முன் சில்லுக்குக் காற்றுக் குறைவாக இருந்தது. நான்தான் பார்த்துச் சொன்னேன். அபிகாயில் ஹெல்மெற்றின் வாரை மாட்டியபடி, "பின்னேரம் அடிச்சுத் தாங்கோ அப்பா, இப்ப நேரமில்லை" என்றாள். சரி என்றேன். தொண்டைமானாறு வரைக்கும் அந்தக் காற்றுத் தாங்கும். அவள் முன்னால் போக, நான் சைக்கிளில் பின்னால் போனேன். இருவருக்கும் ஒரே ஐஸ் ஆலையில்தான் வேலை. நான் போமன், இயந்திரங்களுக்குப் பொறுப்பான மேற்பார்வையாளன். அவள் கணினித் திரைக்கு முன்னால் இருப்பவள்.

ஐயா, நீங்கள் கேட்டது வாகீசனைப் பற்றி. நான் மகளிலிருந்து தொடங்குகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் என் பக்க நியாயம் விளங்கும். இதை என் கையால் எழுதித் தருகிறேன். பொலிசில் என்னை யாரும் மிரட்டவில்லை. இரண்டு முறை தேநீர் தந்தார்கள்.

எங்கள் ஆலையில் இரண்டு கொம்பிரசர் இயந்திரங்கள். அமோனியா வாயுவை அழுத்தி, தண்ணீரைக் கட்டியாக்குபவை. வாகீசன் வருவதற்கு முன் இருபத்தெட்டு வருடங்கள் அவற்றை நான் பார்த்தேன். நீளத் திருப்புளியின் நுனியை இயந்திரத்தில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பேன். எது தேய்கிறது, எது வறள்கிறது என்று சொல்லுவேன். முதலாளி தம்பிராசா நான் சொன்ன நாளில் இயந்திரத்தை நிறுத்துவார்.

வாகீசன் மட்டுவில் பக்கத்தவன். தோட்டக்காரக் குடும்பம். கொழும்பில் படித்து, சிங்கப்பூரில் நான்கு வருடம் வேலை செய்துவிட்டு வந்தவன். வயது முப்பத்தொன்று. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு ஆலைக்கு வந்து போவான். அவன் கொண்டுவந்ததுதான் டிஜிற்றல் இரட்டை. இயந்திரத்தில் சின்னச் சின்னப் பெட்டிகளைப் பூட்டி, அதன் சூடு, அதிர்வு, அழுத்தம் எல்லாவற்றையும் கணினிக்கு அனுப்புவது. கணினிக்குள் அதே இயந்திரம் இன்னொரு முறை ஓடும். எந்த உதிரி இன்னும் எத்தனை நாள் தாங்கும், எப்போது நிறுத்தித் திருத்தவேண்டும் என்று அந்த இரட்டை முன்கூட்டியே சொல்லும். அது கெட்ட பொருள் என்று நான் சொல்லமாட்டேன். முதல் ஆறு மாதத்தில், தண்டைத் தாங்கும் பெயறிங்குகளில் உடையவிருந்த இரண்டை அது காட்டித் தந்தது. அவற்றில் ஒன்று என் காதுக்குத் தப்பியது. அதை அப்போதே ஒத்துக்கொண்டேன்.

திரைக்கு முன்னால் இருக்க ஒருவர் வேண்டும் என்றபோது அபிகாயிலை எடுத்தார்கள். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வீட்டில் இருந்தவள். இருபத்தாறு வயது. அவளைச் சேர்க்கச் சொல்லி முதலாளியிடம் கேட்டதே நான்தான். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், பிறகு பலர் பல விதமாகக் கதைத்தார்கள்.

நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் காலைக்கு ஒரு கிழமைக்கு முன் ஒரு சம்பவம். இரண்டாம் இயந்திரத்தில் பெயறிங் போகிறது என்று நான் சொன்னேன். திரையில் அப்படி ஒன்றும் இல்லை. நான் விடவில்லை. அரை நாள் நிறுத்தி, கழற்றிப் பார்த்தார்கள். புதிது மாதிரி இருந்தது. கரையில் மீனோடு நின்ற வண்டிகள் ஐஸ் இல்லாமல் திரும்பிப் போயின. அப்போது அபிகாயில் எல்லோருக்கும் முன்னால், "அப்பா, அது உங்கடை காதுக்குள்ளை கேக்கிற இரைச்சல். பிரசர் குளிசை போட்டனீங்களே?" என்றாள். ஐஸ் கட்டி தூக்கும் ஜெயரூபன் என்னைக் காட்டி, "கிருபையண்ணையை முதல்லை கழட்டிப் பூட்டவேணும்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வாகீசன் சிரிக்கவில்லை. குனிந்து திருகுசாவிகளைப் பொறுக்கினான். சிரிக்காமல் இருந்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை. சிரித்தவர்களை மன்னிக்கலாம். இரக்கப்பட்டவனை என்ன செய்வது.

பிறகு ஆயுத பூசை வந்தது. எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. பூசைக்கு முதல் இயந்திரங்களை நிறுத்தி, மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் போட்டுக் கழுவவேண்டும். நாங்கள் மெதடிஸ்த சபை. சந்தனம் வைப்பது, தேங்காய் உடைப்பது எல்லாம் அவர்கள். கழுவுவது நான். இருபத்தெட்டு வருடமும் அப்படித்தான். முதலாளி வேடிக்கையாக, "வேதக்காரன் முழுக்காட்டினால்தான் எங்கடை மெசின் சுத்தமாகுது" என்பார். அந்த முறையும் கழுவினேன். மற்றப் பெட்டிகள் திருகாணியில் பூட்டியவை. சூட்டைப் பார்க்கும் பெட்டி மட்டும் காந்தத்தில் ஒட்டியிருப்பது. ஒவ்வோர் இயந்திரத்தின் கழுத்திலும் ஒன்று. தீப்பெட்டி அளவு. தண்ணீர் படக்கூடாது என்று இரண்டையும் கழற்றி ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் போட்டேன். கழுவி முடித்து, திரும்ப ஒட்டினேன். எது எதிலிருந்து வந்தது என்று அடியில் சின்ன எழுத்தில் இலக்கம் இருக்கும். நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை. இதைச் சொல்வதால் ஒன்றும் நிரூபணமாகாது. கழுவினேன், ஒட்டினேன் என்பதைத்தான் சொல்கிறேன்.

விசயதசமிக்கு அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு, இரண்டாம் இயந்திரத்தின் கழுத்துச் சூடு ஏறுகிறது என்று திரை சொன்னது. இரண்டை நிறுத்தி, ஒன்றாம் இயந்திரத்தை முழுப் பாரத்தில் ஓட விடச் சொன்னது. அபிகாயில் வந்து சொல்ல, நானே இரண்டை நிறுத்தினேன். பிறகு ஒன்றுக்குப் பக்கத்தில் போனேன். திருப்புளி தேவைப்படவில்லை. கையை வைக்க முன்னரே கேட்டது. தண்டின் கழுத்தில் வாயுவைத் தடுக்கும் சீல் வறண்டு, உள்ளே அராவும் சத்தம்.

நான் யாருக்கும் சொல்லவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை. போன கிழமை சிரித்தவர்கள் எல்லோரும் அங்கேதான் நின்றார்கள். சீல் போனால் கொஞ்சம் நாறும், கண் எரியும், எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே வருவோம், வாகீசன் யாழ்ப்பாணத்திலிருந்து ஓடி வருவான், திரையையும் இயந்திரத்தையும் மாறி மாறிப் பார்ப்பான். அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. எந்த மனிதனும் எதிர்பார்க்கக்கூடியதுதான். வெளியே பூவரசடியில் இருந்து தேநீர் குடித்தேன். பத்து மணிக்கு ஒரு முறை எழுந்து போய்க் கேட்டுவிட்டு வந்தேன். சத்தம் கூடியிருந்தது.

பதினொன்று இருபதுக்குச் சீல் உடைந்தது. கசியவில்லை. பிளந்தது. தொழிலாளர்கள் கட்டிகளை ஏற்றிக்கொண்டு வெளியில் நின்றார்கள். உள்ளே நின்றது அபிகாயில் மட்டும். திரை அறையில் இருக்கவேண்டியவள், இரண்டு இயந்திரங்களுக்கும் நடுவே கிடந்தாள். ஈரச் சாக்கை முகத்தில் கட்டிக்கொண்டு நானும் ஜெயரூபனும் போய்த் தூக்கினோம். அவள் கண்களைப் பற்றி எழுதமாட்டேன்.

விசாரணையில் அவளுடைய கைப்பேசியைப் பார்த்தார்கள். பதினொன்று பன்னிரண்டுக்கு வாகீசனோடு நான்கு நிமிடம் பேசியிருக்கிறாள். பேசி முடித்துத்தான் உள்ளே போயிருக்கிறாள். என்ன பேசினீர்கள் என்று அவனைக் கேட்டார்கள். இரண்டை நிறுத்தி மூன்று மணித்தியாலமாகியும் சூடு இறங்கவில்லை என்று அவள் கேட்டதாகச் சொன்னான். பிறகு, "பிழை என்ரை முறைமையிலைதான். வேறை ஒருத்தரிலையும் இல்லை" என்றான். எழுதிக் கையெழுத்தும் வைத்தான்.

ஐயா, ஒரு மனிதன் தானே தன் வாயால் பிழை என்னுடையது என்று சொன்னால், அதை நம்புவதா விடுவதா. நான் நம்பினேன். அவன் சொல்லித்தான் அவள் உள்ளே போனாள். என் மகளை அந்த இடத்துக்கு அனுப்பியவன் அவன். இதில் எந்தச் சந்தேகமும் எனக்கு அப்போது இருக்கவில்லை.

மகளின் செத்த வீட்டுக்கு அவன் வந்தான். எட்டாம் நாளுக்கும் வந்தான். பிறகு ஒவ்வொரு ஞாயிறும், நாங்கள் ஆராதனை முடிந்து கோயிலால் வரும் நேரம் பார்த்து வந்து, என் மனைவி சுகிர்தத்தோடு குசினிக்குள் இருந்து கதைத்துவிட்டுப் போவான். கறிவேப்பிலை, வாழைக்காய் என்று தங்கள் தோட்டத்துப் பொருள்களைக் கொண்டுவருவான். சுகிர்தம் அவனுக்குச் சாப்பாடு போட்டாள். நான் முற்றத்தில் இருப்பேன். அவன் போகும்போது "போட்டு வாறன் அண்ணை" என்பான். நான் ஓம் என்பேன்.

பங்குனியில் ஆலையைத் திரும்பத் திறந்தார்கள். புதிய சீல்கள், புதிய வாயு எச்சரிக்கை மணி, திருத்திய இரட்டை. திறப்பு நாளில் கொழும்பிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வாகீசன் சுவரில் படம் போட்டு விளக்கினான். அந்த நாளின் சூட்டுக் கோடு ஒன்று சிவப்பாக ஏறி, பதினொன்று இருபதில் நின்றது. "இந்த நிகழ்விலிருந்து முறைமை கற்றுக்கொண்டது. இனி இருபது நாளுக்கு முன்னரே சொல்லும்" என்றான். வந்தவர்கள் தலையை ஆட்டினார்கள். ஒருவர் குறிப்பெடுத்தார். என் மகள் செத்ததை அவர்கள் நிகழ்வு என்றார்கள். அவளிடமிருந்து ஒரு கணினி பாடம் படித்ததாம். பிறகு முதலாளி எழுந்து, இரட்டைக்கு அபி என்று பெயர் வைத்திருப்பதாகச் சொன்னார். திரையின் தலையில் அந்தப் பெயர் இருந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். என்னையும் கூப்பிட்டு ஒரு பொன்னாடை போர்த்தினார்கள்.

அடுத்த நாளிலிருந்து ஆலைக்குள் இப்படிக் கேட்கும்: "அபி என்ன சொல்லுது?" "அபி ஓமெண்டுது, ஓட விடு." ஜெயரூபன் ஒரு நாள், "அபிக்கு இண்டைக்குச் சூடு" என்றான். சொல்லிவிட்டு என்னைக் கண்டான். வாயைப் பொத்திக்கொண்டு போனான். அவனில் எனக்குக் கோபமில்லை. பெயர் வைக்க யோசனை சொன்னது வாகீசன் என்று முதலாளி பிறகு சொன்னார்.

அன்றுதான் நான் முடிவெடுத்தேன். கோபத்தில் எடுத்த முடிவு என்று தயவுசெய்து எழுதவேண்டாம். கோபம் அவசரப்படும். நான் மூன்று மாதம் எடுத்தேன்.

திரையைப் படிப்பிக்கச் சொல்லி வாகீசனைக் கேட்டேன். அவன் முகம் எப்படி மலர்ந்தது என்று இப்போதும் தெரிகிறது. கதிரையை இழுத்துப் போட்டு, என்னைப் பக்கத்தில் இருத்திச் சொல்லித் தந்தான். இரட்டையில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே நாம் விரும்பியதை மாற்றிப் பார்க்கலாம். எண்ணெய் குறைந்தால் என்ன நடக்கும், பாரம் கூடினால் என்ன நடக்கும் என்று கேட்டால், உண்மை இயந்திரத்தைத் தொடாமலே இரட்டை ஓடிப் பார்த்து, எத்தனை நாளில் எது போகும் என்று சொல்லும். "மெசினை உடையவிடாமல் பாக்கத்தான் அண்ணை உது" என்றான். விளங்குகிறது தம்பி என்றேன்.

ஒன்றாம் இயந்திரத்தின் சீலுக்குப் போகும் எண்ணெய் பாதியானால் என்ன என்று கேட்டேன். பத்தொன்பது நாள் என்று வந்தது. இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேட்டேன். பதினொரு நாள். பராமரிப்புத் திட்டம் என்பது இதுதான். ஒரு நாளைத் தீர்மானித்து, அந்த நாளுக்கு இயந்திரத்தைத் தயார் செய்வது. நான் ஒரு வெள்ளிக்கிழமையைத் தீர்மானித்து, அதற்குப் பதினொரு நாளுக்கு முன் அந்த எண்ணெயைக் குறைத்துவிட்டேன். வெள்ளியில் தொழிலாளர்கள் மத்தியானம் சந்நிதி முருகன் கோயில் அன்னதானத்துக்குப் போய்விடுவார்கள். வேறு யாருக்கும் ஒன்றும் ஆகக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். இதை நீங்கள் கணக்கில் எடுக்கவேண்டும்.

சூட்டுப் பெட்டிகள் இரண்டையும் இந்த முறை வேண்டுமென்றே மாற்றி ஒட்டினேன். இல்லாவிட்டால் ஒன்றின் சூட்டைத் திரை காட்டிக்கொடுத்துவிடும். அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று நேற்று நீங்கள் கேட்டீர்கள். தெரியாது. கை தானாகச் செய்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வாகீசனுக்குத் தொலைபேசியில், திரை இரண்டில் சூடு என்கிறது, எனக்கு ஒன்றில் சத்தம் கேட்கிறது, வந்து பார்க்கமுடியுமா என்றேன். அரை மணித்தியாலத்தில் வந்தான். மோட்டார் சைக்கிளை நிறுத்தியும் நிறுத்தாமலும் உள்ளே ஓடி வந்தான். அந்த மோட்டார் சைக்கிளின் சத்தம் தூரத்தில் கேட்டபோதே, ஒன்றிலிருந்து வாயு வெளியேறும் வால்வை நான் மூடியிருந்தேன். எச்சரிக்கை மணியின் வயரையும் கழற்றியிருந்தேன். எந்த நாள் என்று இரட்டை சொன்னது. நிமிடத்தை நான் பார்த்துக்கொண்டேன். அழுத்தம் ஏற ஐந்தாறு நிமிடம் எடுக்கும்.

"திரையை விட்டிட்டு ஒருக்காக் காதை வைச்சுக் கேளும் தம்பி" என்று திருப்புளியைக் கொடுத்தேன். முழங்காலில் இருந்து கேட்டான். "ஓம் அண்ணை. உங்களுக்குச் சரியாத்தான் கேட்டிருக்கு" என்றான். பிறகு கழுத்தைப் பார்த்தான். பெட்டியைப் பிடுங்கி, திருப்பி, இலக்கத்தைப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, மெல்லச் சிரித்தான்.

"திரும்பவும் மாறிப்போச்சு அண்ணை. அண்டைக்கும் இப்பிடித்தான் மாறிக் கிடந்தது."

எந்த நாள் என்று கேட்டேன். கேட்டிருக்கத் தேவையில்லை.

"பூசைக்குக் கழுவினாப்பிறகு. அபி அண்டைக்குப் போன் எடுக்கேக்கை எனக்கு விளங்கீற்று. நீ போகாதை, அப்பாட்டைச் சொல்லு, அவர் மாத்துவார் எண்டு சொன்னனான். இல்லை, போன கிழமைதான் எல்லாற்றை முன்னாலையும் அப்பாவை வெக்கப்படுத்தினனான், இண்டைக்கும் வேண்டாம், அவருக்குத் தெரியாமல் நானே மாத்தி வைக்கிறன் எண்டாள். ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டும் கேட்டவள். நான் சொல்லேல்லை அண்ணை. சுகிர்தம் அன்ரிக்கும் சொல்லேல்லை. இனியும் சொல்லமாட்டன். நீங்கள் யோசிக்காதையுங்கோ, மனிசருக்கு மாறுறதுதானே."

சொல்லிவிட்டு, பெட்டியைச் சரியான இடத்தில் ஒட்டுவதற்காக அடுத்த இயந்திரத்தின் பக்கம் குனிந்தான். முதுகு என் பக்கம் இருந்தது. அழுத்தமானி சிவப்புக் கோட்டுக்கு இன்னும் வரவில்லை. வால்வு என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மூன்று சுற்றுச் சுற்றினால் திறந்துவிடும். நேரம் இருந்தது. இதை நான் மறைக்கவில்லை.

நான் வெளியே வந்து, இரும்புக் கதவை இழுத்து, கொண்டியைப் போட்டேன்.

அவன் இரண்டு முறை "அண்ணை" என்று கூப்பிட்டான். பிறகு சீல் போன சத்தம். கதவில் கொஞ்ச நேரம் தட்டினான். ஜெயரூபன் சாப்பிட்டுவிட்டு வரும்வரை நான் பூவரசடியில் இருந்தேன்.

அவன் சொன்னது பொய் என்று நான் நினைக்கிறேன். சாகப்போகிறவன் என்னவும் சொல்லுவான் என்பார்கள். சாகப்போவது அவனுக்கு அப்போது தெரியாது என்று நீங்கள் சொன்னீர்கள். அது சரி. ஆனால் பெட்டி மாறியிருந்தது என்றால் அவன் விசாரணையில் சொல்லியிருக்கவேண்டும். ஒன்பது மாதம் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, என் மனைவியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, என்னைப் பற்றி ஒன்றை மனதில் வைத்திருந்தான் என்றால் அதுவும் ஒரு குற்றம்தான். அப்படி ஒருவன் உலாவ, நான் எப்படி ஊருக்குள் நிமிர்ந்து நடப்பது. அவனிடம் அது இருக்கக்கூடாது. வேறு ஒருவரிடமும் இருக்கக்கூடாது. இப்போது இந்தத் தாளில் எழுதியிருக்கிறேன். இதைச் சுகிர்தத்திடம் காட்டவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாகீசனை நானே கொன்றேன். திட்டமிட்டுக் கொன்றேன். மகளின் சாவில் எனக்குப் பங்கில்லை. சத்தம் கேட்டும் சொல்லவில்லை என்பது ஒரு குறையாக இருக்கலாம். ஆனால் முன்னரே எழுதியிருக்கிறேன், என்னை ஒருவரும் கேட்கவில்லை. இருபத்தெட்டு வருடம் கேட்டவர்கள், அந்தத் திரை வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இன்று காலை நீங்கள் உங்கள் கைப்பேசியில் அந்த இரட்டையைக் காட்டினீர்கள். ஆலைக்கு மின்சாரம் வெட்டியாகிவிட்டது. ஆனாலும் அது எங்கோ ஒரு கணினியில் இருக்கிறதாம். தொடங்கிய நாளிலிருந்து வாகீசன் அதில் என்னென்ன பதிவு செய்யச் சொல்லியிருந்தான் என்ற பட்டியலைத் திறந்து, ஆறாவது வரியில் விரலை வைத்தீர்கள். அப்படி ஒரு வரி இருப்பது எனக்குத் தெரியும். அபிகாயிலும் முதல் மாதம் முழுக்க, வந்து நிரப்புங்கோ அப்பா என்று கூப்பிட்டுப் பார்த்தவள். முக்கியமில்லை என்பதால் நான் இதுவரை எழுதவில்லை. 'காலை எட்டு மணி. போமன் கிருபைரட்ணம் காதால் கேட்டது' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கட்டம். நாளுக்கு ஒன்றாக அறுநூற்றுச் சொச்சம் கட்டங்கள். எல்லாம் வெறுமையாகவே இருக்கின்றன.